ஏரிக்கரையில் தங்கலும் ஈர விறகில் நெருப்பும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற காட்டுப்பகுதி ஏரிகளில் படகு வலித்துப் போய் இரவு தங்க ஆசைப்படுபவர்கள் முதலில் அனுமதிச் சீட்டை வாங்கிவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஒரு நாளில் நுழையும் குழுக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. அங்கே குழாய், மின்சாரம் எதுவும் இல்லை. கூடாரம் போடும் ஒவ்வோர் இடத்திலும் இரும்புக் கம்பித்தட்டு போட்ட ஓர் அடுப்பும், மரங்களுக்குள் தள்ளி ஒரு கழிப்பிடமும்தான். நெருப்பு அந்த அடுப்பில் மட்டும். கிளம்பும் முன் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விறகைக் கூடாரத்தைச் சுற்றிப் பொறுக்க வேண்டாம், ஏற்கெனவே வந்தவர்கள் வழித்தெடுத்திருப்பார்கள். படகில் கொஞ்சம் தள்ளிப் போய், கரையிலிருந்து உள்ளே நடந்து, விழுந்து கிடக்கும் கிளைகளில் மணிக்கட்டுப் பருமன் வரை எடுங்கள். மடக்கென்று முறிந்தால் காய்ந்தது, வளைந்தால் விட்டுவிடுங்கள்.

மழை பெய்திருந்தால் கைக்கோடாலியால் பிளந்து, உள்ளே காய்ந்திருக்கும் பகுதியைக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவுங்கள். விழுந்த பிர்ச் மரப்பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நனைந்தாலும் பற்றும், ஆனால் நிற்கிற மரத்தில் பட்டையை உரிக்கவே கூடாது, அந்தத் தழும்பு ஆறாது. பட்டை, சீவல், குச்சி என்று அடுக்கி, காற்று வரும் பக்கமிருந்து பற்றவையுங்கள், இடையில் காற்று நுழைய இடம் விடுங்கள்.

அணைக்கும்போது ஏரித் தண்ணீரை ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சாம்பலைத் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் தூக்கம்.