வைகை அணையில் தூண்டில் போட

தூண்டிலுக்கு மீன்வளத்துறையிடமும், இரவு தங்க நீர்வளத்துறையிடமும் முதலில் அனுமதி கேளுங்கள். இல்லையென்று சொன்னால் கூடாரத்தை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

ஜிலேபி மீனுக்கு 0.25 மி.மீ. தூண்டில் நரம்பு, சின்னத் தூண்டில் முள் போதும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே மிளகளவு ஈயம், அதற்கு மேல் தக்கை. ஈயம் கனத்தால் தக்கை அமுங்கிவிடும், கடி தெரியாது. மண்புழுவை முள்நுனி மறையக் கோர்த்துவிடுங்கள். நீளமாகத் தொங்கினால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போய்விடும், திருட்டு மீன்! ரோகு மீனுக்கு இரையாகக் கடலைப்புண்ணாக்குத் தூள் 2 பங்கு, கோதுமை மாவு 1 பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள். இளகினால் வீசும்போதே உதிரும், மாவைக் கூட்டுங்கள். ஜிலேபியைக் கழற்றும்போது முதுகு முள்ளைத் தலையிலிருந்து வால்பக்கமாக அமுக்கிப் பிடிக்கவும்.

வண்டல் கரை சமமாகத்தான் இருக்கும், ஆனால் கூடார முளை நிற்காது. மலையில் மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருந்தாலும் தண்ணீர் ஏறும். சருகு ஒதுங்கிய பழைய கோட்டுக்கு மேலேயே படுங்கள்.