முதல் மாடிஃபிகேஷனாக இ.சி.யு.: வாளையாறு எல்லைக்கு இருபுறமும் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் முதன்முதலாக வண்டியில் கை வைக்க நினைப்பவர்கள் கேட்பது, "எந்த இ.சி.யு. வாங்கலாம்?" இ.சி.யு. என்பது இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் பெட்டி. அதை வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வண்டி எந்த ரோட்டில் ஓடப் போகிறது, இன்ஜின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, டியூன் செய்யப் போவது யார். இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பெட்டி எதுவென்று பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

படி 1: இன்ஜினைச் சோதியுங்கள்

இன்ஜெக்டர் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் இணைப்பையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, கேஜ் வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பணத்தை இன்ஜின் வேலைக்குத் திருப்புங்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்கை எந்த மேப்பும் (இ.சி.யு.வுக்குள் இருக்கும் பெட்ரோல், டைமிங் அட்டவணை) சரிசெய்யாது.

அடுத்து எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கம்பியின் முனை அரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவமழையில் நனையும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "இ.சி.யு. கோளாறு" என்று சொல்லப்படும் பலவும் இந்த எர்த்தில்தான் முடிகின்றன.

படி 2: மூன்று வழிகளில் ஒன்று

ரீமேப் என்பது கம்பெனி இ.சி.யு.வுக்குள் இருக்கும் அட்டவணைகளை மாற்றுவது. 2013-க்குப் பிறகு வந்த கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே கோளாறு பார்க்க ஸ்கேனர் மாட்டும் 16 பின் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும், பெரும்பாலும் அது வழியாகவே வேலை முடியும். டர்போ வண்டியில் வித்தியாசம் காலில் தெரியும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கம்பெனி ஃபைலின் நகலை முதலிலேயே கேட்டு வாங்கி வையுங்கள். சர்வீசில் மென்பொருள் அப்டேட் போட்டால் ரீமேப் அழிந்துவிடும்.

பிக்கிபேக் பெட்டி, சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவே உட்கார்ந்து பொய்யான அளவைக் கொடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், கம்பெனி இ.சி.யு. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். நீங்கள் சாதாரண ஓட்டத்தில் கூட்டிய பெட்ரோலை அது மெல்ல மெல்லக் குறைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். முதல் மாடிஃபிகேஷனுக்கு இதை நாங்கள் சொல்வதில்லை.

ஸ்டாண்டலோன் என்றால் கம்பெனி பெட்டியை அகற்றிவிட்டு வேறொன்றை வைப்பது. ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவர்ட், ஆர்டுவினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ எல்லாம் இந்த வகை. கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் ஓட்ட ஒதுக்கிய பழைய வண்டிக்கு இதுவே சரி. புது வண்டியில் மீட்டர், பவர் ஸ்டீயரிங், ஏ.பி.எஸ். எல்லாம் கேன் லைனில் (வண்டியின் பெட்டிகள் தகவல் பரிமாறும் இரட்டைக் கம்பி) இ.சி.யு.வோடு பேசிக்கொண்டிருக்கும். இ.சி.யு.வை எடுத்தால் அவற்றில் சில செத்துப்போகும். தினமும் ஆபீஸ் போகும் பி.எஸ். 6 வண்டிக்கு ஸ்டாண்டலோன் வேண்டவே வேண்டாம்.

எந்தப் பெட்டியானாலும், உங்கள் ஊரிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய டியூனருக்குப் பழக்கமான பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். வசதி குறைந்த பெட்டியை நன்றாகத் தெரிந்தவர் டியூன் செய்தால், விலையுயர்ந்த பெட்டியைத் தடவித் தடவிச் செய்வதைவிட நன்றாக ஓடும்.

படி 3: சட்டம்

கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாளையாறுக்கு எந்தப் பக்கமானாலும், ரோட்டில் ஓடும் வண்டி என்றால் இதை மனதில் வைத்தே முடிவெடுங்கள். டிராக் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இனி வருவதெல்லாம் ஸ்டாண்டலோனைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு.

படி 4: எண்ணிப் பார்த்து வாங்குதல்

நான்கு இன்ஜெக்டர், நான்கு காயில், ஐடில் வால்வு, பெட்ரோல் பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, ஏ.சி. கிளட்ச் ரிலே, டேக்கோமீட்டர். எல்லாம் சேர்த்தால் 13 அவுட்புட். இன்னும் மூன்று நான்கு மிச்சம் இருக்கும் பெட்டியாக எடுங்கள். கிராங்க் வீல் 36-1 பல்லா (36 பல் இடத்தில் ஒன்று இல்லாதது), 60-2 பல்லா (60-இல் இரண்டு இல்லாதது) என்று பார்த்து, பெட்டி அதைப் படிக்குமா என்று உறுதி செய்யுங்கள்.

இன்ஜெக்டரின் ஓம் அளவையும் பாருங்கள். 12 முதல் 16 ஓம் என்றால் நேரடியாக இணைக்கலாம். 2, 3 ஓம் இன்ஜெக்டரை அப்படி இணைத்தால் இ.சி.யு.வுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகும். ரெசிஸ்டர் பேக் வேண்டும். பெரிய இன்ஜெக்டருக்கு அவசரப்படாதீர்கள். 100 குதிரைத்திறன் கொடுக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு, 85 சதவீத டியூட்டியில் (மொத்த நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு) நிமிடத்துக்கு சுமார் 155 சி.சி. இன்ஜெக்டரே போதும். 440 சி.சி. போட்டால் ஐடிலில் அவ்வளவு குறைந்த நேரத்துக்கு அதைத் திறந்து மூட முடியாமல் இன்ஜின் குலுங்கும்.

படி 5: வயரிங்

பணம் போனாலும் பொறுமை போனாலும் இந்த இடத்தில்தான் போகும். சென்சார் எர்த் எல்லாம் இ.சி.யு.வின் சென்சார் எர்த் பின்னுக்கே திரும்ப வேண்டும், பாடியில் எங்கும் தொடக் கூடாது. பவர் எர்த் நேராக இன்ஜின் பிளாக்குக்கு. கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு கேபிள், ஷீல்டை இ.சி.யு. பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இருபுறமும் செய்தால் ஷீல்டிலேயே கரன்ட் ஓடி இரைச்சல் ஏறும். இணைப்புகளைப் பற்றவைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைத்து, அதிர்வில் அங்கேயே உடையும்.

கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரை சைலன்சர் குழாயின் மேற்பாதியில், கிடைமட்டத்துக்கு 10 டிகிரிக்கு மேல் சாய்த்து வையுங்கள். கீழே வைத்தால் காலையில் குழாயில் நிற்கும் நீர்த்துளி, சூடான செராமிக்கில் பட்டு அது விரிசல் விடும்.

படி 6: சென்சாருக்குக் கணக்குச் சொல்லுதல்

கூலன்ட் சென்சாரைக் கழற்றி, இரண்டு கம்பியோடு கெட்டில் நீரில் தொங்கவிடுங்கள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும். பரவலாகப் புழங்கும் வகை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டிக் காட்டும். ஐஸ், வெதுவெதுப்பு, கொதி என்று மூன்று இடத்தில் குறித்து மென்பொருளில் ஏற்றுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் கொதிநிலையை 100 என்று எடுத்துக்கொள்ளலாம்தானே என்றால், ஊட்டியில் இதைச் செய்பவர் தவறுவார். அங்கே நீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

படி 7: முதல் ஸ்டார்ட்

மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட் அடித்துப் புல்லியில் பாருங்கள். 10 காட்டும்வரை டிரிக்கர் ஆஃப்செட்டை (கிராங்க் வீலின் பல்லுக்கும் பிஸ்டன் நிலைக்கும் உள்ள கோண இடைவெளி) திருத்துங்கள். பிறகு 3,000 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். குறி நகர்ந்துகொண்டே போனால், வி.ஆர். வகை (காந்தமும் சுருளும் கொண்ட) கிராங்க் சென்சாரின் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இதை விட்டுவிட்டு மேப்பைத் திருத்தினால் பிஸ்டன்தான் பலி.

கலவையை லாம்டாவில் படியுங்கள். இருக்கும் காற்று-பெட்ரோல் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்தால் வருவது லாம்டா, 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல். இன்றைய இ20 (20 சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோலுக்குச் சரியான விகிதம் சுமார் 13.5, பழைய 14.7 இல்லை, லாம்டா 1 என்பது எந்த பெட்ரோலுக்கும் ஒன்றே. சாதாரண ஓட்டத்தில் 1, டர்போ இல்லாத இன்ஜினில் முழு ஆக்சிலரேட்டரில் 0.86 முதல் 0.88.

படி 8: மலையில் ஒரு லாக் (ஓடும்போது எடுக்கும் சென்சார் பதிவு)

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், மேலே சுமார் 3,500 அடி. ஏறும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் மேப் இதைப் பெருமளவு தானே சமாளிக்கும். த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்று வால்வு) கோணத்தை மட்டும் பார்க்கும் மேப்புக்கு வெளிக்காற்று அழுத்த சென்சார் தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே போகப் போகக் கலவையில் பெட்ரோல் கூடி, பிளக் கருக்கும். டிராக் வண்டியானாலும் இந்த சென்சாரை விட்டுவிடாதீர்கள். கோவையில் டியூன் செய்த வண்டி ஒருநாள் மலை ஏற்றப் போட்டிக்குப் போகும். அங்கே லேப்டாப் லாக்கில் லாம்டா கோடு அடிவாரத்தில் இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். 0.03-க்கு மேல் விலகினால் அழுத்தத் திருத்த அட்டவணையில் மட்டும் கை வையுங்கள், மெயின் மேப்பை அப்படியே விடுங்கள்.