முதல் வரைவு எழுதுவது எப்படி?

எழுதப் பழகுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, "முதல் வரியே வருதில்லை" என்பதுதான். அதை ஏன் முதலில் தேடுகிறீர்கள்? அது பெரும்பாலும் மூன்றாவது பந்திக்குள் எங்கேயாவது கிடக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் வரைவே எழுதுகிறோம்.

சரி, ஒரு பழைய றஃப் கொப்பியை எடுங்கள். புதுக் கொப்பி வேண்டாம், அதில் கை தானாகவே எழுத்தை அழகாக்கப் பார்க்கும். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். 20 நிமிடம் எதையும் வெட்டக்கூடாது. ல, ள, ழ சந்தேகமெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு ஆண்டோ பெயரோ நினைவில் இல்லையென்றால் அந்த இடத்தில் வட்டம் போட்டுவிட்டு மேலே எழுதுங்கள், அதைத் தேடப் போனைக் கையில் எடுத்தால் அன்றைக்கு எழுத்து அவ்வளவுதான்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிய என் வரைவு, "இயற்கை எழில் கொஞ்சும் திருகோணமலையிலே" என்றுதான் தொடங்கியது. அடுத்தது, இராவணன் தாயின் கிரியைக்காக அந்த ஊற்றுகளை உண்டாக்கிய கதை, எல்லோரும் எழுதுவது. மூன்றாவது பந்தியில், ஒரு யோசனையும் இல்லாமல் இப்படி எழுதியிருந்தேன்: "ஏழு கிணற்றிலும் ஏழு விதமான சூடு, அம்மம்மா ஒவ்வொன்றிலும் முதல் வாளியைத் தன் காலில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் தலையில் ஊற்றுவா." என் கட்டுரை அந்த வரியில்தான் இருந்தது. முன்னால் இருந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதாமல் நான் அந்த வாளியிடம் வந்து சேர்ந்திருக்க மாட்டேன், ஆனால் வாசிக்கிறவருக்கு அது தேவையில்லை.

எழுதியதை ஒரு இரவு மூடி வையுங்கள். மறுநாள் சத்தமாக வாசியுங்கள், மனதுக்குள் வாசித்தால் கண் பிழைகளைத் தாண்டி ஓடிவிடும். நாக்கு இடறுகிற வசனத்தில் புள்ளடி போடுங்கள். உங்கள் குரலே கொஞ்சம் மாறுகிற இடம் ஒன்று வரும், அதற்குக் கீழே கோடு கீறுங்கள்.

பிறகு கொப்பியை மூடிவிட்டு, புது ஒற்றையில், கோடு கீறிய வரியிலிருந்து தொடங்குங்கள். வரைவைப் பக்கத்தில் விரித்து வைத்தால் கை அதைப் பார்த்தெழுதத்தான் போகும். வட்டம் போட்ட இடங்களை நிரப்புவதும் எழுத்துப்பிழை பார்ப்பதும் கடைசி வேலை.

போனிலும் இப்படி எழுதலாம். ஆனால் அழிக்கும் பட்டன் பெருவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே, அதனால் தொடக்கத்தில் பேப்பர்தான் நல்லது.

வரைவைக் கிழித்துப் போடாதீர்கள். நான் வெட்டிய இராவணன் பந்தி இன்னும் கொப்பியில்தான் இருக்கிறது, அந்தக் கதையை அம்மம்மா சொன்ன விதத்தை வைத்து இன்னொன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.