பட்டுடுத்திப் படம் எடுக்கப் புதுச்சேரி போகிறவர்களுக்கு

அம்மா வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டாமல் எந்த போட்டோகிராபருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை 6 மணி என்று பாரிசிலிருந்தே வாட்ஸப்பில் பேசி முடித்தாயிற்று. ஆயாவையும் (எங்கள் பாட்டி) சேர்த்து ஒன்பது பேர் பட்டு கட்டி, பூ வைத்து, முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் காத்திருந்தோம். எட்டரை மணிக்கு ஒரு பையன் வந்தான், பேசி வைத்த ஆளின் உதவியாள். "அண்ணன் மண்டபத்துல மாட்டிக்கிட்டாரு அக்கா, இன்னிக்கு முகூர்த்தம்ல." உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்தேன். அந்தத் தாளிலேயே 'சுபமுகூர்த்த தினம்' என்று அச்சடித்திருந்தது.

புதுச்சேரியிலும் கடலூரிலும் நல்ல கேமராக்காரர், மேக்கப் போடும் பெண், புடவை கட்டிவிடுபவர் எல்லாருக்கும் சோறு போடுவது கல்யாணம்தான். முகூர்த்த நாளில் நம் குடும்பப் படம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். அன்றைக்கு மல்லிப்பூ விலையும் ஏறியிருக்கும். கல்யாணம் நடக்காத மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை மார்கழி. வெளிநாட்டுப் பள்ளிகள் விடுமுறை விடுவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். வெளிநாட்டிலிருந்து வரும் நமக்கென்றே செய்து வைத்தது போலப் பொருந்துகிறது. ஆடியில் வெயில் உண்டு, ஆனால் துணிக்கடைகளில் தள்ளுபடியும் உண்டு. மார்கழியில் குளிர்ச்சியும் வாசல் நிறையக் கோலமும் கிடைக்கும். ஒரே தொல்லை, கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை புதுச்சேரியில் ஓட்டல் அறை எட்டாத விலைக்குப் போய்விடும். அக்டோபர், நவம்பரில் நாள் குறிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை எந்த நாளையும் விழுங்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது, ஊரே தண்ணீரில் நின்றது.

கிழமையும் முக்கியம். சனி, ஞாயிறு என்றால் சென்னையும் பெங்களூருவும் இங்கே வந்துவிடும். விடிகாலையிலேயே ஒயிட் டவுன் (கடலோரப் பழைய பிரெஞ்சுப் பகுதி) மஞ்சள் சுவர் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு ஜோடி நிற்கும், பின்னால் அடுத்த ஜோடி தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருக்கும். செவ்வாய், புதன் நல்லது.

வந்து இறங்கிய எத்தனையாம் நாள் எடுப்பது என்பது நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல படத்துக்கு விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். பாரிசிலிருந்து குளிர்காலத்தில் வருகிறவருக்கு அது உடம்புக் கணக்கில் இரவு பதினொன்றரை, பிள்ளைகளை எழுப்பவே முடியாது. ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். டொராண்டோக்காரர்களுக்கு அது மாலை ஐந்தரை. எப்படியும் தூக்கம் வராமல் மூன்று மணிக்கே கூடத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் இரண்டாம் நாளே எடுத்துவிடலாம். ஆனால் ஜாக்கெட் தைத்து வந்திருக்க வேண்டுமே.

புடவை எந்தக் கடையிலும் அரை மணியில் வாங்கிவிடலாம், அதற்கு ஜாக்கெட் தைப்பதில்தான் பயணமே கெடும். டெய்லர் சொல்லும் நாளோடு மூன்று நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆரி எம்பிராய்டரி வேலை வேண்டுமென்றால் வாரக் கணக்கு. இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: நன்றாகப் பொருந்துகிற ஒரு அளவு ஜாக்கெட்டை, ஊருக்குப் போகும் யாரிடமாவது ஒரு மாதம் முன்பே கொடுத்தனுப்புவது. டேப் வைத்து நாமே அளந்து போனில் சொல்லும் அளவை எந்த டெய்லரும் நம்புவதில்லை, நம்பாமலிருப்பதும் சரிதான். பக்கவாட்டில் இரண்டு விரற்கடை துணி உள்ளே விடச் சொல்லுங்கள். அம்மா வீட்டுச் சாப்பாடு ஒரு வாரத்தில் தன் வேலையைக் காட்டும். புடவை ஓரத்துக்கு ஃபால்ஸ், பிக்கோ அடிப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். புடவை கட்டத் தெரியாத பெண்களுக்கு முந்தின நாளே கொசுவம் மடித்து, தேய்த்து, பின் குத்திக் கொடுக்கிறார்கள். காலையில் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம்.

ஆண்களுக்கு இடுப்பில் வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கடற்கரைக் காற்றில் எட்டு முழத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் முகத்தில் சிரிப்பு வராது. கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கூடவே கறுப்பு ரப்பர் பட்டையில் ஸ்மார்ட் வாட்ச்: என் தம்பி எல்லாப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறான். சிறுமிகளுக்குப் பட்டுப்பாவாடை வாங்கினால் உள்ளே டக் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருகைக்குப் பிரித்து நீளமாக்கலாம். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், கையில் போடும் வங்கி எல்லாம் வாடகைக்குச் செட்டாகவே கிடைக்கும். அதற்காகப் பாட்டி நகையை லாக்கரிலிருந்து எடுத்துத் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். புதுச்சேரி என்றதும் எல்லாரும் கேட்பது அந்த மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான். மாம்பழ மஞ்சள் பட்டில் அதன் முன்னால் நின்றால் சுவருக்குள் போய்விடுவீர்கள், முகத்தில் மஞ்சள் எதிரொளித்துக் காமாலை வந்தது போலிருக்கும். அரக்கு, கரும்பச்சை, எம்.எஸ். புளூ (எம்.எஸ். சுப்புலட்சுமி புடவை நீலம்) எடுப்பாக இருக்கும்.

என்னைக் கேட்டால், பட்டுப்புடவைக்கு ஒயிட் டவுனே வேண்டாம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வைசியாள் வீதி, இப்போதைய பெயர்ப் பலகையில் கால்வே சுப்பராய செட்டியார் வீதி. இரண்டு பக்கமும் பழைய தமிழ் வீடுகள்: தெருவோடு ஓடும் தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, உள்ளே முற்றம். வீடுகளைப் புதுப்பித்துக் காத்ததற்காக 2008இல் யுனெஸ்கோ விருது பெற்ற தெரு. இங்கே ஒரு வெளிச்சக் கணக்கு இருக்கிறது. தெரு கிழக்கு மேற்காகப் போவதால், தென் சிறகு, அதாவது தெற்கு வரிசை வீடுகள் வடக்குப் பார்த்தவை. மார்கழி, தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், அந்தத் திண்ணைகளில் நேர் வெயில் விழவே விழாது. எதிர்ச் சிறகுச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் முகத்தில் விழும். கண்ணைச் சுருக்க வேண்டாம், நகை கண்ணைக் குத்தாது, ஜரிகை ஜரிகையாகத் தெரியும். ஒன்பது மணிக்குக்கூட எடுக்கலாம். ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்துச் சுற்றி நாங்கள் நின்ற படம்தான் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஒரே நிபந்தனை, அது யாரோ குடியிருக்கும் வீட்டுத் திண்ணை. கதவைத் தட்டி, "அம்மா, ஒரு பத்து நிமிஷம் திண்ணையில உக்காந்து படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். முந்தின நாள் மாலையே ஒரு நடை போய்க் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. முற்றம் வேண்டுமென்றால், பழைய வீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறார்களே, அதில் ஓர் இரவு அறை எடுத்து, படம் எடுக்க அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள். உடை மாற்ற இடம் என்ற பெரிய தலைவலியும் அதோடு தீரும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், ஆகவே விடியும் நேரம் உங்களுடையது. காந்தி சிலை, 1836ஆம் ஆண்டுப் பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் பக்கம் பக்கமாகவே இருக்கின்றன. சூரியன் இங்கே கடலிலிருந்து எழும்: ஜனவரியில் ஆறரை வாக்கில், ஜூனில் ஐந்தே முக்காலுக்கு. அஸ்தமனம் ஊருக்குப் பின்னால். 'கடலில் சூரிய அஸ்தமனப் படம்' என்று யாராவது பேக்கேஜில் எழுதியிருந்தால் அவருக்கு ஊர் தெரியாது. பட்டோடு அலையில் இறங்காதீர்கள், உப்புத்தண்ணீர்க் கறை போகாது.

கூட்டம் வேண்டாதவர்கள் கடலூர்ப் பக்கம் போகலாம். போகும் வழியில் பாகூர்ப் பக்கம் திரும்பினால் மார்கழியில் கண்ணுக்கெட்டிய வரை நெல் பச்சை. சிவப்புப் பாவாடை தாவணிக்கு அதைவிட நல்ல பின்னணி எனக்குத் தெரியாது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையும் விடிகாலையில் அமைதியாக இருக்கும். திருவந்திபுரம் மலைப்படிகள் அழகுதான், முகூர்த்த நாளில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள், படிக்கொரு கல்யாணம் நடக்கும். கோயிலுக்குள் படம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனே கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோபுரத்தை வெளியே தெருவிலிருந்து எடுங்கள், அதுவே போதும். பிச்சாவரம் படகில் பட்டுப்புடவைப் படம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே லைஃப் ஜாக்கெட் போட வேண்டும்.

டிரோன் கொண்டு வராதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை, விமான நிலையத்திலேயே நின்றுவிடும்.

இனி போட்டோகிராபரிடம் பேச்சு. வாயால் பேசியதை அப்படியே வாட்ஸப்பில் எழுதி, 'ஓகே' என்று பதில் வாங்குங்கள். கேமராவைப் பிடிக்கப் போவது யார், அவரா உதவியாளா? எத்தனை மணி நேரம், எத்தனை இடம்? எடிட் செய்த படம் எத்தனை வரும், மீதியும் தருவாரா? எத்தனை நாளில்? ஆல்பம் வேண்டாம், சாஃப்ட் காப்பி போதும் என்றால் விலை குறையும், பெட்டியில் எடையும் குறையும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். படங்களை அவர் தன் இன்ஸ்டாகிராமில் போடலாமா என்பதையும், குறிப்பாகப் பிள்ளைகள் படத்தை, இப்போதே சொல்லிவிடுங்கள். பணத்தை ஜிபே பண்ணச் சொல்வார். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் ரொக்கமாகவே வைத்திருங்கள்.

இதையெல்லாம்விட ஒன்றை முக்கியமாக எழுதுங்கள்: நிறத்தைத் தொடக் கூடாது. "கலர் கொஞ்சம் ஏத்திக் குடுக்கவா அக்கா?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள், பல பேர் கேட்காமலேயே செய்துவிடுவார்கள். ஆயா கையில் பச்சை குத்தியிருக்கும், முழங்கைக்குக் கீழே ஒரு தேள், மணிக்கட்டுப் பக்கம் சின்னக் கோலம். எங்களுக்கு முதலில் வந்த படத்தில் அந்தக் கை வழவழவென்று, வெள்ளையாக, ஒரு புள்ளியில்லாமல் இருந்தது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாரு கையி?" என்றாள். திருப்பி அனுப்பி, பழையபடி மாற்றி வாங்க மூன்று வாரமானது. இப்போதெல்லாம் நான் தெளிவாக எழுதிவிடுகிறேன்: நிறம், மச்சம், சுருக்கம், தழும்பு, பச்சை எதிலும் கை வைக்க வேண்டாம்; வெளிச்சத்தை மட்டும் சரி செய்யுங்கள். முதலில் ஐந்து படம் எடிட் செய்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள், பிறகு மீதி.

அன்றைய நாளுக்குச் சில சில்லறை விஷயங்கள். பூவை முந்தின நாள் மாலை பெரிய மார்க்கெட்டில் வாங்கி, வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போட்டு வையுங்கள். மொட்டாகப் பார்த்து வாங்கினால் காலையில் சரியாக விரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு இட்லி கொடுத்த பிறகு பட்டைக் கட்டுங்கள், முன்னால் கட்டினால் சாம்பாரும் படத்தில் வரும். அவர்களை முதல் அரை மணியிலேயே எடுத்து முடித்துவிட்டு, செருப்பையும் பையையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள வந்த சித்தப்பாவிடம் விட்டுவிடுங்கள். அப்படி ஒரு சித்தப்பா கட்டாயம் வேண்டும். கேமராக்காரர் "ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிங்க" என்று கல்யாண போஸ் ஆரம்பித்தால், "தம்பி, நாங்க பாட்டுக்குப் பேசிட்டு இருக்கோம், நீங்க எடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நல்ல படங்கள் அப்படித்தான் விழுந்தன.

வீட்டுக்கு வந்ததும் புடவையை அப்படியே சுருட்டிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். வேர்வை பட்டது மடிப்போடு இருந்தால் கறையாகும். நிழலில் கொடியில் ஓர் இரவு காற்றாட விட்டு, பின்களை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, பழைய காட்டன் வேட்டியில் சுற்றுங்கள். பத்து பின் குத்தியிருந்தால் பத்தும் கைக்கு வர வேண்டும். ஒன்பது என்றால் மறுபடி பிரியுங்கள்.