அமோனியா ஏறிய குழந்தையின் சிறுநீர்: எப்போது பிடிப்பது, எப்படி அனுப்புவது

பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை மூன்றாம் நாள் துவண்டுபோய், பால் மறுத்து, மூச்சு வேகமாக வாங்கும். கிருமித்தொற்று என்றுதான் முதலில் நினைப்போம். ரத்த அமோனியா பார்த்தால் லிட்டருக்கு 500 மைக்ரோமோலைத் தாண்டியிருக்கும் (பச்சைக் குழந்தைக்கு 100 வரை பரவாயில்லை). அப்போது எல்லோர் கண்ணும் ரத்தத்தின் மேல்தான், டயாபரில் போன சிறுநீர் குப்பைக்குப் போய்விடும். லேபில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த டயாபரை நினைத்துத்தான் வயிறு எரியும்.

அமோனியா எந்தப் பிறவி வளர்சிதைக் கோளாறால் ஏறியது என்று காட்ட, சிகிச்சை தொடங்குமுன் வரும் சிறுநீர்தான் பொன். குளுக்கோஸ் டிரிப் ஏறி, புரதத்தை நிறுத்தி, குழந்தை தேறிவிட்டால் சில நோய்களில் சிறுநீர் கிட்டத்தட்ட நார்மலாகிவிடும். ஆனால் இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. ரிசல்ட் வர நாளாகும், அமோனியா அதுவரை மூளையை விட்டுவைக்காது. அட்மிட் ஆனதுமே யூரின் பையை ஒட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

ஒட்டுமுன் தோலைத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள், பவுடர், க்ரீம் வேண்டாம். மலம் கலந்தால் அந்தச் சாம்பிள் வீண். 5 முதல் 10 மில்லி போதும். 2 மில்லிதான் கிடைத்தது என்றாலும் கொட்டிவிடாமல் லேபைக் கேளுங்கள். எதையும் கலக்காமல், இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் உடனே ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே கிடந்தால் பாக்டீரியா வளர்ந்து, அது உண்டாக்கும் அமிலங்களெல்லாம் குழந்தையின் கணக்கில் ஏறிவிடும். ஒருமுறை வந்த தெர்மோகோல் பெட்டியைத் திறந்தால் ஐஸ் உருகி, மூடி கழன்று, பேனாவில் எழுதிய பெயர் நீலக் கறையாக இருந்தது. யாருடையது என்றே தெரியவில்லை. பெயர், தேதி, நேரம் மூன்றையும் நீரில் அழியாத மார்க்கரில் எழுதுங்கள்.

அப்புறம் மருந்துப் பட்டியல். இதைத்தான் பலரும் காலியாக விடுகிறார்கள். அமோனியாவைக் குறைக்கத் தரும் சோடியம் பென்சோவேட் கொடுத்திருந்தால், அது மாறி உண்டாகும் ஹிப்யூரிக் அமிலம் மலைபோல் தெரியும். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் தன் கழிவுகளைச் சிறுநீரில் விடும், போதாததற்கு அமோனியாவையும் ஏற்றும். எம்.சி.டி. (நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் கொண்ட) எண்ணெய் கலந்த பால்பவுடர் வேறு கொழுப்பு அமிலக் கோளாறு மாதிரி ஏமாற்றும்.

சரி, எதைப் பார்க்கச் சொல்வது? இரண்டு: ஜி.சி.எம்.எஸ். (கலந்த பொருள்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி) முறையில் ஆர்கானிக் அமிலங்கள், தனியாக ஓரோட்டிக் அமிலம். மீத்தைல்மலோனிக் அமிலமோ, மீத்தைல்சிட்ரேட்டோடு புரோப்பியோனில்கிளைசினோ கூடியிருந்தால் வியாதி யூரியா சுழற்சியில் (கல்லீரல் அமோனியாவை யூரியாவாக்கும் பாதை) இல்லை, அந்த அமிலக் கோளாறு அமோனியாவை ஏற்றியிருக்கிறது. அவை இல்லாமல் ஓரோட்டிக் மட்டும் ஏறி, ரத்தத்தில் சிட்ருலினும் (அந்தச் சுழற்சியில் உண்டாகும் அமினோ அமிலம்) குறைந்திருந்தால் ஓ.டி.சி. (அந்தச் சுழற்சியின் ஒரு என்சைம்) குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். மடை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் வரப்பை உடைத்துப் பக்கத்து வயலில் பாய்வது மாதிரி, ஓ.டி.சி. என்சைம் வேலை செய்யாவிட்டால் அது சிட்ருலினாக மாற்ற வேண்டிய கார்பமாயில் பாஸ்பேட் தேங்கி, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறி, பிரிமிடின் (டி.என்.ஏ.வுக்கான ஒரு மூலப்பொருள்) உண்டாக்கும் பாதையில் ஓரோட்டிக்காக மாறிவிடுகிறது. அதற்கு முந்தைய, கார்பமாயில் பாஸ்பேட்டை உண்டாக்கும் சி.பி.எஸ்.1 என்சைமிலோ, அதைத் தூண்டிவிடும் என்.ஏ.ஜி.எஸ்.ஸிலோ குறை என்றால் தேங்குவதற்கே ஒன்றும் இருக்காது, ஓரோட்டிக் ஏறாது. சிட்ருலின் இவை எல்லாவற்றிலும் குறையும் என்பதால் ரத்தத்தில் சிட்ருலினை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது.

ரிப்போர்ட்டில் அளவு கிரியேட்டினினுக்கு (தசையிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு) இத்தனை என்று இருக்கிறதா பாருங்கள். நீர்த்த சிறுநீரில் வெறும் லிட்டர் கணக்கு ஏமாற்றும்.

ஓ.டி.சி. ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறை அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், அடுத்து அவரைப் பார்க்க வேண்டும். அவருடைய சிறுநீரில் ஓரோட்டிக் நார்மல் என்றால் அவரிடம் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பல பெண்களுக்கு அல்லோபியூரினால் என்ற மாத்திரை கொடுத்துப் பார்த்தால்தான் ஏறும், சிலருக்கு அதிலும் தெரியாது. ஜீன் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.