பிற நாட்டுச் சந்தைகளில் காய் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்போம். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுவோம். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்போம். நம் ஊரில் இது கெட்டிக்காரத்தனம். இதே கையோடு பிரான்சிலோ இத்தாலியிலோ சந்தைக்குள் நுழைவதுதான் நம்மவர் செய்யும் முதல் தவறு.

பிரான்சின் தெருச்சந்தைகளில் பல கடைகளில் பழத்தைப் பொறுக்கித் தருவது கடைக்காரரின் வேலை. எதையும் கேட்குமுன் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் "தக்காளி என்ன விலை?" என்று ஆரம்பித்தால் அவர் முகம் மாறிவிடும். சரி, அழுத்திப் பார்க்காமல் நல்ல பழம் எப்படிக் கிடைக்கும்? எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், போதும். முலாம்பழம் கேட்டு "இன்று மதியத்துக்கு" என்றால் ஒன்றை எடுப்பார், "நாளை மறுநாளுக்கு" என்றால் அதை வைத்துவிட்டு வேறொன்றைத் தேடுவார். கடைக்காரரின் கண்ணை நம்பி வாங்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும். நாம் பத்துப் பழத்தை நசுக்கிவிட்டு ஒன்றை எடுத்தால், மீதி ஒன்பதும் அவருக்குத்தானே நஷ்டம்?

இத்தாலியின் சூப்பர் மார்க்கெட்டுகளில் நாமே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காய்களின் பக்கத்திலேயே மெல்லிய பிளாஸ்டிக் கையுறை இருக்கும், அதைப் போட்டுக்கொண்டுதான் எடுக்கவேண்டும். அப்புறம் பல கடைகளில் நாமே தராசில் வைத்து, அந்தக் காய்க்குரிய எண்ணை அழுத்தி, வரும் சீட்டைப் பையில் ஒட்டவேண்டும். சீட்டு இல்லாமல் பில் போடுமிடத்துக்குப் போனால் பின்னால் வரிசை காத்திருக்க, திரும்ப ஓடவேண்டி வரும்.

அடுத்தது எடை. பணம் அதிகம் போவது இங்கேதான். ஹாங்காங் சந்தையில் விலைப்பலகையைப் பார்த்ததும் கிலோ விலை என்று நினைத்துவிடுவோம். அது பெரும்பாலும் கேட்டி விலை. ஒரு கேட்டி ஏறத்தாழ 605 கிராம். தைவானில் அதே அளவு 600 கிராம், சீனப் பெருநிலப்பரப்பில் 500 கிராம். ஜெர்மனியில் பேச்சுவழக்கில் 'பவுண்ட்' என்றால் அரைக் கிலோ, அமெரிக்காவில் பவுண்டோ 454 கிராம்தான். இத்தாலியில் பாலாடைக்கட்டி வாங்கும்போது 'எட்டோ' என்ற சொல் காதில் விழும். அது 100 கிராம். எட்டோ விலையைக் கிலோ விலை என்று நினைத்து "ஒரு கிலோ கொடுங்கள்" என்றால் பத்து மடங்கு கொடுக்கவேண்டியதுதான். பலகையில் எண்ணைப் பார்க்குமுன் அளவைப் பாருங்கள்.

பேரம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் காய்கறிக்குப் பேரம் பேசுவது வழக்கமில்லை. பீச் பழத்தை அழுத்திப் பார்ப்பதும் கூடாது, விரல் பட்ட இடம் கறுத்துவிடும்.

நேரத்திலும் ஏமாறுவோம். வேலை முடிந்து சாயங்காலம் காய் வாங்கும் பழக்கத்தில் போனால், ஐரோப்பாவின் பல ஊர்ச் சந்தைகள் மதியமே கலைந்திருக்கும். சிங்கப்பூரில் கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. அன்று பல கடைகள் மூடியிருக்கும்.

பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறும் பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். 'அங்கே நல்ல காய் கிடைக்காது' என்று ஊர்ச் சந்தையில் வாங்கிப் பெட்டியில் அடுக்காதீர்கள். 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பழமோ காயோ கொண்டுபோக, அதில் பூச்சியோ நோயோ இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவுக்குப் பச்சைக் கருவேப்பிலை கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அந்த இலையில் ஒட்டிக்கொண்டு வரும் என்பதால் பறிமுதல் செய்துவிடுவார்கள். ஒரு கட்டுதானே என்று சேலை மடிப்புக்குள் வைக்காதீர்கள். சுங்க அதிகாரிகள் கேட்கும்போது உள்ளதைச் சொல்லிவிட்டால் பொருள் மட்டும்தான் போகும், மறைத்தால் அபராதமும் சேரும்.