பியெரோகி ரூஸ்கியே: போலந்து வீட்டுச் சமையலைத் தொடங்க ஏற்ற பண்டம்

உள்ளே பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் மாவுப் பண்டமான பியெரோகி இல்லாத வீடு போலந்தில் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தான விகிலியாவுக்குப் புளித்த முட்டைக்கோஸும் காய்ந்த காளானும் வைத்துச் செய்வார்கள். கோடையில் புளூபெர்ரி வைப்பார்கள். அன்றாடம் செய்வது ரூஸ்கியே. உருளைக்கிழங்கு, ட்வாரூக் என்ற பாலாடைக்கட்டி, வதக்கிய வெங்காயம், இவ்வளவுதான் பூரணம். பெயரைப் பார்த்து ரஷ்யப் பண்டம் என்று நினைக்க வேண்டாம். இன்று போலந்துக்கும் உக்ரைனுக்குமாகப் பிரிந்து கிடக்கும் கலீசியா பகுதியின் சமையல் இது.

கொழுக்கட்டை பிடித்த கைக்கு மடிப்பது எளிது. சொதப்புவது பெரும்பாலும் பூரணத்தில் தங்கும் ஈரத்தால்தான்.

தேவையானவை (50 முதல் 60 வரை வரும்)

மேல்மாவுக்கு: மைதா 500 கிராம், சூடான தண்ணீர் 250 மி.லி., வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

பூரணத்துக்கு: உருளைக்கிழங்கு 600 கிராம், ட்வாரூக் 300 கிராம், பெரிய வெங்காயம் 2, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள் தாராளமாக.

ட்வாரூக் கிடைக்காவிட்டால்

பனீர் சரிப்படாது. அதில் புளிப்பு இல்லை, மசித்தாலும் ரப்பர் போல நிற்கும். ஒன்றரை லிட்டர் முழுக்கொழுப்புப் பாலைத் தயிராக உறைய வைத்து, நன்றாகப் புளிக்க விடுங்கள். அந்தத் தயிரைக் கலக்காமல் மிகச் சிறு தீயில் வையுங்கள். ஓரங்களில் தண்ணீர் பிரிந்து, கட்டி தனியாக மிதக்கும்போது இறக்கிவிடுங்கள். கொதித்தால் கட்டி இறுகி மணல் மணலாகிவிடும். மெல்லிய துணியில் கட்டி மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிட்டு, கடைசியில் ஒருமுறை பிழிந்துவிடுங்கள்.

பூரணம்

கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்து வடித்ததும், அதே பாத்திரத்தில் திரும்பப் போட்டு ஒரு நிமிடம் சிறு தீயில் குலுக்குங்கள். ஆவி போய், கிழங்கின் மேல் மாவு பூத்தாற்போல வெளுக்கும். அதுதான் பதம். சூட்டோடு கையால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும், பிறகு மீட்க முடியாது.

மசித்ததை முழுவதும் ஆறவிட்ட பிறகே ட்வாரூக் சேருங்கள். சூட்டில் சேர்த்தால் கட்டி இளகி, பூரணம் தளர்ந்துவிடும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிச் சேருங்கள். மிளகு நாக்கில் தெரிய வேண்டும். வெந்த பிறகு சுவை மட்டுப்படும் என்பதால் உப்பும் ஒரு சிட்டிகை தூக்கலாகவே இருக்கட்டும். கலவையைச் சிறு எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டி வைத்துக்கொண்டால் மடிக்கும்போது நேரம் மிச்சம்.

மேல்மாவு

தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. அதில் வெண்ணெயையும் உப்பையும் கரைத்து மைதாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறி, சூடு தணிந்ததும் ஐந்தாறு நிமிடம் பிசையுங்கள். சூடான தண்ணீர் மாவை இளக்கமாக்கும், தேய்ப்பதும் எளிது. சிலர் முட்டை சேர்ப்பார்கள். மாவு விறைப்பாகும், வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. ஈரத்துணியால் மூடி 30 நிமிடம் வையுங்கள். அவசரப்பட்டால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்ளும்.

மடித்தல்

மாவில் கால் பங்கை மட்டும் எடுத்து, மீதியை மூடியே வையுங்கள். 2 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, 8 செ.மீ. வாயுள்ள டம்ளரால் வட்டங்கள் வெட்டுங்கள். நடுவில் உருண்டையை வைத்து மடித்து, முதலில் உச்சியைக் கிள்ளி ஒட்டி, அங்கிருந்து இரு பக்கமும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே அழுத்துங்கள். ஓரம் முழுவதையும் இன்னொரு முறை கிள்ளுங்கள். உள்ளே காற்று நின்றால் வேகும்போது உப்பி வெடிக்கும். ஓரத்தில் உலர்மாவோ பூரணத்தின் வெண்ணெயோ பட்டால் ஒட்டவே ஒட்டாது. செய்தவற்றை மாவு தூவிய துணியில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, மேலே ஒரு துணி போடுங்கள்.

வேகவைத்தல்

அகலப் பாத்திரத்தில் 4 லிட்டர் தண்ணீரும் 2 தேக்கரண்டி உப்பும். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பிரிந்தால் மற்றவற்றின் ஓரத்தை மறுபடி கிள்ள இன்னும் நேரம் இருக்கிறது. பிறகு ஒரு ஈட்டுக்கு 12 போடுங்கள். போட்ட உடனே மரக்கரண்டியின் பின்புறத்தால் ஒருமுறை மெல்லத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அடியில் ஒட்டும். மேலே மிதந்ததும் தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஜல்லிக்கரண்டியால் எடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் நன்றாக மடித்தவைகூடக் கிழியும்.

மேலே போட, பன்றிக்கொழுப்புத் துண்டுகளை முறுக உருக்கி, அதிலேயே வெங்காயத்தை வதக்குவது வழக்கம். சைவமாக வேண்டுமானால் வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் ஒரு கரண்டி புளித்த கிரீமும் போதும்.

மீந்தவற்றை மறுநாள் வெண்ணெயில் இரு பக்கமும் முறுகலாக வறுக்கலாம். இதற்காகவே கூடுதலாகச் செய்பவர்கள் உண்டு. ஃப்ரீசரில் வைப்பதானால் மிதந்ததும் எடுத்து ஆறவைத்து, எண்ணெய் தடவி, தட்டில் தனித்தனியாக உறையவைத்த பிறகே பையில் போடுங்கள். வேண்டும்போது உறைபனியோடு அப்படியே கொதிநீரில் போடலாம்.